ஒப்பந்தப் பத்திரமும் பேரேடும்: தணிக்கையாளர் பயிற்சியின் வரலாறு

ஒரு நிறுவனத்தின் கணக்குகளை அதன் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத ஒருவர் ஆராய்ந்து, அவை உண்மை நிலையைக் காட்டுகின்றனவா என்று பங்குதாரர்களுக்குக் கையொப்பமிட்டுச் சொல்வதே தணிக்கை எனப்படுகிறது. இந்தக் கையொப்பத்துக்கான தகுதியைப் பிரிட்டனிலும், அதன் சட்ட மரபைப் பின்பற்றிய இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலும் வகுப்பறைப் படிப்பால் மட்டும் பெற முடிந்ததில்லை. தொழில் நடத்தும் கணக்காளர் ஒருவரோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அவருடைய அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை செய்த பிறகே அது கிடைத்தது. தமிழ்நாட்டில் ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ என்று சொல்லப்படும் பயிற்சியும், இங்கிலாந்தில் 2015 முதல் பல்கலைக்கழகப் பட்டத்தோடு பிணைத்து நடத்தப்படும் பட்டப் பயிற்சித் திட்டமும் இந்த ஒரே மரபில் கிளைத்தவை. இதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்த்தால், கற்பிக்கும் முறை மாறியதைவிடக் கற்பதற்கான செலவை யார் ஏற்பது என்பதே பெரிதும் மாறி வந்திருப்பது தெரியும். தொழிலுக்குள் யார் நுழையலாம், யார் வாயிலிலேயே நிற்க வேண்டும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் தீர்மானித்ததும் அதுவே.

இங்கிலாந்தில் கைவினைஞர்களிடம் சிறுவர்களைத் தொழில் பழக விடும் வழக்கம் இடைக்காலத்திலிருந்தே இருந்தது. 1563-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று அந்தப் பயிற்சிக்கு ஏழு ஆண்டுகள் என்று கால அளவு வகுத்தது. ஆனால் கணக்காளர்கள் தங்களுக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது தச்சரையோ நெசவாளரையோ அன்று, வழக்குரைஞர்களையே. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, வழக்குரைஞராக விரும்புகிறவர் ஐந்து ஆண்டுகள் ஒரு மூத்த வழக்குரைஞரிடம் எழுத்தராகப் பணி செய்திருக்க வேண்டும். அந்தப் பணியின் நிபந்தனைகள் தனித்தனிப் பிரிவுகளாக எழுதப்பட்ட பத்திரமே ‘ஆர்ட்டிகிள்ஸ்’ எனப்பட்டது. அதில் கையொப்பமிட்டவர் ‘ஆர்ட்டிகிள்ட் கிளார்க்’, அதாவது ஒப்பந்த எழுத்தர் ஆனார். தொழிலின் நுணுக்கங்களைக் கற்றுத்தருவது ஆசானின் கடமையாகவும், விசுவாசத்தோடு உழைப்பதும் வாடிக்கையாளரின் இரகசியங்களைக் காப்பதும் பயில்பவரின் கடமையாகவும் பத்திரத்தில் எழுதப்பட்டன. நீதிமன்றப் பணியும் கணக்குப் பணியும் அக்காலத்தில் அடுத்தடுத்து இருந்ததால் இந்த ஏற்பாடு கணக்காளர்களுக்கு இயல்பாகவே பொருந்தியது.

அந்த நெருக்கம் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் ஸ்காட்லாந்து. கிளாஸ்கோ கணக்காளர்கள் 1853-இல் சங்கமாகக் கூடினார்கள். எடின்பரோ சங்கம் 1854-இல் அரச பட்டயம் பெற்றது. பட்டயம் என்பது அரசரின் பெயரால் ஒரு சங்கத்துக்குச் சட்ட ஆளுமையும் தனிமதிப்பும் அளிக்கும் ஆவணம்; பட்டயக் கணக்காளர் என்ற பெயர் இதிலிருந்தே பிறந்தது. எடின்பரோ கணக்காளர்களின் அன்றாட வேலையில் பெரும்பகுதி திவாலானவர்களின் சொத்துகளை நிர்வகிப்பதும், இறந்தவர்களின் உடைமைகளுக்குக் கணக்கு வைப்பதுமாக இருந்தது. எனவே அவர்களிடம் பயின்ற இளைஞர்கள் பகலில் அலுவலகத்தில் பேரேடு எழுதியதோடு, பல்கலைக்கழகத்தில் ஸ்காட்லாந்துச் சட்ட வகுப்புகளுக்கும் செல்ல வேண்டியிருந்தது. அலுவலகமும் பல்கலைக்கழகமும் இணைந்த பயிற்சி இன்றைய புதுமை என்று விளம்பரப்படுத்தப்படும்போது, விக்டோரியா காலத்து எடின்பரோவை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

இங்கிலாந்தில் தணிக்கை ஒரு தொழிலாகத் திரண்டது சற்றுப் பிந்தியே. 1844-ஆம் ஆண்டின் கூட்டுப்பங்கு நிறுவனச் சட்டம் தணிக்கையை விதித்தது. ஆனால் தணிக்கை செய்கிறவர் கணக்காளராக இருக்க வேண்டும் என்று அது கோரவில்லை. 1856-இல் அந்தக் கட்டாயமும் கைவிடப்பட்டது. 1878-இல் கிளாஸ்கோ நகர வங்கி சரிந்தபோது, வரம்பற்ற பொறுப்பு கொண்டிருந்த அதன் பங்குதாரர்களில் மிகப் பலர் தங்கள் சொத்து முழுவதையும் இழந்தார்கள். வங்கியின் இருப்புநிலைக் குறிப்புகள் ஆண்டுக்கணக்காகப் பொய்யாகத் தயாரிக்கப்பட்டிருந்தன என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே வங்கிகளுக்குத் தணிக்கையை விதிக்கும் சட்டம் வந்தது. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான கட்டாயம் 1900-இல் ஏற்பட்டது. இதற்கிடையில் 1880-இல் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அரச பட்டயம் பெற்று, ஐந்து ஆண்டு ஒப்பந்தப் பயிற்சியையும், தொடக்கநிலை, இடைநிலை, இறுதிநிலை என மூன்று தேர்வுகளையும் நுழைவுக்கு நிபந்தனையாக்கியது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு மூன்றாகக் குறைக்கப்பட்டது. முந்திய தலைமுறையின் பெரிய கணக்காளர்கள் எவரும் இத்தகைய படிகளில் ஏறி வந்தவர்கள் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 1845-இல் லண்டனில் சொந்த அலுவலகம் திறந்த வில்லியம் வெல்ச் டெலாய்ட், பதினைந்து வயதில் திவால் நீதிமன்ற அதிகாரி ஒருவரின் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே கணக்கைக் கற்றவர்.

புதிய விதிகள் தொழிலின் தரத்தை உயர்த்தின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை எழுப்பிய மதில் தேர்வால் ஆனதைவிடப் பணத்தால் ஆனதாகவே அதிகம் இருந்தது. ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளில் பயில்பவரின் தந்தை ஆசானுக்கு ‘பிரீமியம்’ என்ற முன்பணம் செலுத்த வேண்டும். இது கினி என்ற அலகில் பேசப்பட்டது. ஒரு கினி இருபத்தொரு ஷில்லிங். நல்ல பெயர் பெற்ற அலுவலகங்களில் நூறு கினிக்கு மேலும், சில இடங்களில் பல நூறு கினிகளும் கேட்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் ஊதியம் இல்லை. சில ஆசான்கள் கடைசி ஆண்டுகளில் முன்பணத்தின் ஒரு பகுதியையே சிறு சம்பளமாகத் திருப்பித் தந்தார்கள். அதாவது ஒரு குடும்பம் பெரிய தொகை ஒன்றை முன்கூட்டியே கொடுத்து, வளர்ந்த மகனை ஐந்து ஆண்டுகள் உண்ண உடுக்க வைத்துக் காப்பாற்றவும் முடிந்தால்தான் அவன் பட்டயக் கணக்காளர் ஆக முடியும். அதே அலுவலகத்தில், அதே மேசையில், அதே பேரேட்டைப் பத்து ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்த சம்பள எழுத்தர் எவ்வளவு திறமையுடையவராக இருந்தாலும் எழுத்தராகவே ஓய்வு பெற்றார். அறிவால் பிரிக்க முடியாத இருவரை ஒரு பத்திரம் பிரித்தது என்பது இம்முறையின் மிகப் பெரிய அநீதி.

அதற்கு எதிர்வினையும் எழுந்தது. 1885-இல் தோன்றிய கணக்காளர், தணிக்கையாளர் சங்கம் நீண்ட அனுபவமுள்ள எழுத்தர்களுக்கு ஒப்பந்தமில்லாமலே தேர்வெழுத வழிவிட்டது. 1904-இல் தொடங்கப்பட்ட லண்டன் கணக்காளர் சங்கம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியது. 1909-இல் எதெல் அயர்ஸ் பர்டி என்ற பெண்ணை உறுப்பினராக ஏற்றதும் இந்த லண்டன் சங்கமே. பட்டய நிறுவனமோ, 1880-களிலிருந்து சொந்தமாகக் கணக்கு அலுவலகம் நடத்திவந்த மேரி ஹாரிஸ் ஸ்மித்தின் விண்ணப்பத்தை 1891-இல் மறுத்துவிட்டது. பெண்களுக்கு எதிரான தொழில் தடைகளை நீக்கும் சட்டம் 1919-இல் வந்த பிறகு, 1920-இல் அவர் உறுப்பினராக ஏற்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபத்தைந்து. பயிற்சி முடித்துத் தேர்வெழுதி அந்நிறுவனத்தில் தகுதி பெற்ற முதல் பெண் எதெல் வாட்ஸ், 1924-இல்.

ஒப்பந்த எழுத்தர் அந்த ஆண்டுகளில் உண்மையில் என்ன கற்றார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அதன் அடிப்படைகள் நூறாண்டுகளுக்குப் பின்னும் சென்னை அலுவலகங்களில் மாறாமல் இருந்தன. முதல் ஆண்டு முழுவதும் கூட்டல்தான். பேரேட்டின் நீண்ட பத்திகளை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மனக்கணக்காகக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும். அடுத்து, ஒருவர் குறிப்பேட்டிலிருந்து தொகைகளை உரக்கப் படிக்க, மற்றவர் பேரேட்டில் அதே தொகை ஏறியிருப்பதைக் கண்டு வண்ணப் பென்சிலால் குறியிடுவார். பிறகு வவுச்சர் எனப்படும் சான்றுச்சீட்டுகள் வரும்: ஒவ்வொரு செலவுக்கும் பின்னால் ஒரு ரசீது இருக்கிறதா, அதன் தேதியும் தொகையும் கையொப்பமும் பொருந்துகின்றனவா, அந்தச் செலவு நிறுவனத்தினுடையதுதானா என்று பார்ப்பது. கிடங்கில் நின்று சரக்கை எண்ணுவதும், கடனாளிகளுக்குக் கடிதம் எழுதிப் பாக்கியை உறுதிப்படுத்துவதும் கடைசியில் வந்தன. லாரன்ஸ் டிக்சி 1892-இல் தணிக்கையைப் பற்றிய தம் பாடநூலை வெளியிட்டபோது இந்த நடைமுறைகளுக்கு ஓர் ஒழுங்கான வடிவம் கிடைத்தது. எனினும் ஒரு வவுச்சரைக் கையில் எடுத்த கணத்தில் அது சரியில்லை என்று தோன்றும் உள்ளுணர்வு ஆயிரக்கணக்கான சரியான வவுச்சர்களைப் பார்த்த கண்ணுக்கே வாய்க்கிறது. இப்பயிற்சி இன்றுவரை ஒழிக்கப்படாமல் இருப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

இந்தியாவில் நிறுவனச் சட்டங்கள் 1850, 1857, 1866, 1882 ஆகிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சட்டங்களின் சுவட்டிலேயே வந்தன. ஆனால் தகுதி பெற்ற தணிக்கையாளர் என்ற கருத்து அவற்றில் இல்லை. அது இல்லாத நிலையின் விளைவைச் சென்னை நேரடியாகக் கண்டது. 1906 அக்டோபரில், மாகாணத்தின் மிக நம்பகமான வணிக இல்லங்களில் ஒன்றாகக் கருதப்பட்ட ஆர்பத்நாட் நிறுவனம் கதவை அடைத்தது. கூட்டாண்மையாக நடந்த அந்த இல்லத்தின் கணக்கைப் பொதுமக்கள் சார்பில் பார்க்க யாருக்கும் கடமை இருக்கவில்லை; ஓய்வூதியர்கள், விதவைகள், சிறு வணிகர்கள் போட்டிருந்த வைப்புத்தொகைகள் கரைந்துபோயிருந்தன. அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டுச் சிறை சென்றார். இந்த அதிர்ச்சியிலிருந்தே, வழக்குரைஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

ஆர்பத்நாட் சரிவுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து இயற்றப்பட்ட 1913-ஆம் ஆண்டின் இந்திய நிறுவனச் சட்டம் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. தணிக்கை செய்ய மாகாண அரசின் சான்றிதழ் வேண்டும் என்றும் விதித்தது. சான்றிதழ் இருவகைப்பட்டது. வரையறையற்ற சான்றிதழ் உள்ளவர் பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் தணிக்கை செய்யலாம். வரையறுக்கப்பட்டது உள்ளவர் குறிப்பிட்ட மாகாணத்தில், சான்றிதழில் சொல்லப்பட்ட மொழியிலுள்ள கணக்குகளை மட்டுமே பார்க்கலாம். நாட்டு மொழியில் கணக்கெழுதும் வணிகம் எவ்வளவு உயிர்ப்போடும் பரப்போடும் இருந்தது என்பதற்கு இந்த இரண்டாம் வகையே சான்று.

அந்த வணிகத்துக்கும் தனக்கென ஒரு பயிற்சி மரபு இருந்தது. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நடத்திய வட்டிக்கடைகளில், ஊரிலிருந்து அனுப்பப்பட்ட சிறுவன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, பணப்பெட்டியின் அருகே அமர்ந்து சிட்டை எழுதப் பழகினான். பின்னர் அடுத்தாளாகவும், தேர்ந்தால் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் மேலாளாகவும் உயர்ந்தான். மேலாள் மூன்று ஆண்டுத் தவணையில் பணி செய்து, செட்டிநாட்டிலிருந்த முதலாளிக்குக் கணக்கை ஒப்புவிக்க வேண்டும். ஒரு கடையின் சொத்தையும் கடனையும் ஒருங்கே காட்டும் ஏடு ஐந்தொகை எனப்பட்டது. லண்டன் அலுவலகத்து ஒப்பந்த எழுத்தரோடு ஒப்பிட்டால், பெட்டியடிப் பையனின் குடும்பம் முன்பணம் எதுவும் கட்டியதில்லை. சிறிதாயினும் சம்பளமும், கடையிலேயே உணவும் தங்கலும் கிடைத்தன. ஆனால் அவன் நுழைய முடிந்தது சாதியும் உறவும் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான். அவன் கற்றதும் முதலாளிக்காகக் கணக்கெழுதும் திறமையே. முகமறியாத பங்குதாரர்களுக்காக முதலாளியின் கணக்கையே சோதிக்கும் தொழிலுக்கு வேறொரு பள்ளி தேவைப்பட்டது.

அந்தப் பள்ளி முதலில் பம்பாயில் அமைந்தது. 1913-இல் தொடங்கிய சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியின் முதல் முதல்வராகப் பொறுப்பேற்ற கே. எஸ். ஐயர், அதற்கு முன்பே அந்நகரில் கணக்காளராகத் தொழில் நடத்தியவர். 1918-இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயப் படிப்பு ஏற்படுத்தப்பட்டது; அதில் தேறி, அங்கீகாரம் பெற்ற கணக்காளர் ஒருவரிடம் மூன்று ஆண்டுகள் ஒப்பந்தப் பயிற்சி முடித்தவர் வரையறையற்ற சான்றிதழுக்குத் தகுதியுடையவர் ஆனார். அதுவரை முழுத் தகுதி வேண்டிய இந்தியர் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்கே தம்மை ஏற்கும் ஆசானைத் தேடி, முன்பணமும் கட்ட வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், மூன்று எழுத்துகளில் ஜி.டி.ஏ. என்று அறியப்பட்ட இப்பட்டயம் எத்தகைய விடுதலை என்பது விளங்கும்.

சென்னையில் அந்த வாயில் வழியே வந்தவர்களில் ஆர். சிவபோகத்துக்குத் தனி இடம் உண்டு. இராணி மேரி கல்லூரியில் படித்தவரும், சகோதரி சுப்புலட்சுமியின் தாக்கத்தால் பொதுவாழ்வுக்கு ஈர்க்கப்பட்டவருமான அவர், விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றார். விடுதலையான பின் கணக்கியல் பயின்று, 1933-இல் ஜி.டி.ஏ. தேர்வில் தேறி, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் ஆனார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு பெறுவதற்கு அன்றைய விதிகளில் தடை இருந்ததால் அவர் சட்டவழியில் போராட நேர்ந்தது. 1937-இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்குத் தலைமை வகித்தார். இங்கிலாந்தில் மேரி ஹாரிஸ் ஸ்மித்துக்குப் பெண் என்பதால் மறுக்கப்பட்டதை, சிவபோகத்துக்கு நாட்டுப்பற்றின் பெயரால் மறுக்க முயன்றார்கள். கணக்குப் பார்க்கும் திறமைக்கும் இவ்விரு தடைகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

சான்றிதழ் வழங்கும் அதிகாரம் 1930-களின் தொடக்கத்தில் மாகாணங்களிடமிருந்து மைய அரசுக்கு மாறியது. கணக்காளர் பதிவேடு திறக்கப்பட்டு, இந்தியக் கணக்கியல் வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு பெற்றவர்கள் பதிவுக் கணக்காளர் எனப்பட்டார்கள். விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட பட்டயக் கணக்காளர் சட்டத்தின் கீழ் 1949 ஜூலை 1 அன்று இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோன்றி, ஜி. பி. கபாடியாவை முதல் தலைவராகக் கொண்டது. அரசரின் பட்டயம் எதுவும் இல்லாமல், நாடாளுமன்றச் சட்டத்தின் வலிமையில் நின்ற இந்நிறுவனம் பெயரில் மட்டும் பட்டயத்தைத் தக்கவைத்துக்கொண்டது. இலங்கையில் அதே வகை நிறுவனம் 1959-இல் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

இந்தியாவில் ஒப்பந்தப் பயிற்சியின் பொருளாதாரம் காலப்போக்கில் தலைகீழாக மாறியது. ஆசானுக்குப் பணம் தரும் மரபு மறைந்து, பயிற்சியாளருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தருவது விதிமுறைகளில் கட்டாயமாயிற்று. ஓர் ஆசான் எத்தனை பேரை ஏற்கலாம் என்பதற்கும் அவருடைய தொழில் அனுபவத்தைப் பொறுத்து எல்லை வகுக்கப்பட்டது. எழுத்தர் என்ற பெயரும் உதவியாளர் என்று மாறியது. ஆயினும் உதவித்தொகை ஒரு நகரத்தில் அறை எடுத்துத் தங்கி வாழப் போதுமானதாக இருந்ததில்லை. சென்னையிலோ கோவையிலோ சொந்த வீடு, ஆங்கிலப் பள்ளிப் படிப்பு, தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் சொல்லிச் சேர்த்துவிட ஓர் உறவினர் ஆகிய மூன்றும் உள்ள பிள்ளைக்குக் கதவு தானே திறந்தது. இவை எதுவும் இல்லாமல், சிற்றூரிலிருந்து வந்து, உறவினர் வீட்டுத் திண்ணையில் தங்கித் தேர்வில் வென்றவர்களும் இத்தொழிலில் உண்டு. அவர்களின் வெற்றியைக் காட்டி அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தக் கூடாது.

பிரிட்டனில் முன்பணமும் ஊதியமற்ற சேவையும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் மறைந்தன; ஒப்பந்த எழுத்தர்கள் பயிற்சி ஒப்பந்தம் பெற்ற சம்பள ஊழியர்கள் ஆனார்கள். ஆனால் பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளையே விரும்பி எடுக்கத் தொடங்கியபோது, செலவு சத்தமில்லாமல் ஒரு படி முன்னால் நகர்ந்தது. பட்டம் இலவசமாக இருந்தவரை அது உறுத்தவில்லை. 1998-இல் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு வரையும், 2006-இல் மூவாயிரம் வரையும், 2012-இல் இங்கிலாந்தில் ஒன்பதாயிரம் வரையும் பல்கலைக்கழகக் கட்டணம் உயர்ந்தபோது, பழைய பிரீமியம் வேறு பெயரில், கல்விக் கடன் என்ற உருவில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இதற்கு மாற்று தேடிய முயற்சிகள் முதலில் தனித்தனி ஏற்பாடுகளாக இருந்தன. நியூகாசில் பல்கலைக்கழகம் 2002-இல் பிடபிள்யூசி என்ற கணக்கியல் நிறுவனத்தோடும் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தோடும் சேர்ந்து, படிப்பின் நடுவே ஊதியத்தோடு கூடிய அலுவலகப் பணியையும் கொண்ட ஒரு பட்டத்தைத் தொடங்கியது. 2011-இல் கேபிஎம்ஜி என்ற மற்றொரு கணக்கியல் நிறுவனம், பள்ளி முடித்த மாணவர்களை நேரே வேலைக்கு எடுத்து, டர்ஹாம் முதலிய பல்கலைக்கழகங்களில் அவர்களுடைய கட்டணத்தைத் தானே செலுத்தும் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. 2015-இல் அரசு தொடங்கிய பட்டப் பயிற்சித் திட்டம் இந்த ஏற்பாட்டுக்குப் பொதுவடிவம் தந்தது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு முப்பது இலட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளம் வழங்கும் முதலாளிகள் அனைவரும் அத்தொகையில் 0.5 விழுக்காட்டைப் பயிற்சி வரியாகச் செலுத்த வேண்டியிருப்பதால், அந்த நிதியைப் பயன்படுத்திக்கொள்ளக் கணக்கியல் நிறுவனங்களே முன்வந்தன. பதினெட்டு வயதில் சேருகிறவர் முதல் நாளிலிருந்தே ஊழியர். சம்பளம் பெறுகிறார், கட்டணம் செலுத்துவதில்லை. வேலை நேரத்தின் ஒரு பகுதி படிப்புக்கென ஒதுக்கப்படுகிறது. பட்டயத் தகுதிவரை சென்றால், தேர்வுகளோடு 450 நாள் நடைமுறை அனுபவமும் அவர் காட்ட வேண்டும். 1880-ஆம் ஆண்டின் தந்தை பத்திரத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்த தொகையை இன்று முதலாளி வரியாகக் கொடுக்கிறார்.

ஆனால் வரி நிதியில் நடக்கும் எதுவும் அரசின் முன்னுரிமைகளுக்கு உட்பட்டதே. கணக்காளர் பயிற்சி பெருமளவில் நடக்கும் முதுநிலைப் படியான ஏழாம் நிலைக்குரிய நிதியை, 2026 ஜனவரி முதல் பெரும்பாலும் இருபத்திரண்டு வயதுக்கு உட்பட்டுத் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் என்று இங்கிலாந்து அரசு சுருக்கிவிட்டது. பள்ளியிலிருந்து நேரே வருகிறவருக்கு இது பெரிய இழப்பில்லை. முப்பது வயதில், குடும்பச் சுமையோடு, எழுத்தர் நாற்காலியிலிருந்து தணிக்கையாளர் நாற்காலிக்கு மாற விரும்புகிறவருக்குத்தான் இது இழப்பு. அதாவது 1885-இலும் 1904-இலும் புதிய சங்கங்கள் எந்த மனிதருக்காகத் தோன்றினவோ, அவருக்கே.

இந்தியாவில் மாற்றம் வேறு திசையில் போகிறது. பட்டப் படிப்புக்குள்ளேயே தொழிற்பயிற்சியை அமைத்துக்கொள்ளப் பல்கலைக்கழக மானியக் குழு 2020-இல் வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பட்டயக் கணக்காளர் தகுதியை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக 2021-இல் ஏற்றது. பட்டயக் கணக்காளர் நிறுவனமோ, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் மூன்று ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப்பை இரண்டாகக் குறைத்தது. உதவித்தொகையில் வாழும் காலம் ஓராண்டு குறைகிறது என்ற அளவில் ஏழைப் பிள்ளைக்கு இது நன்மையே; அதை யாரும் எளிதாக எண்ணிவிட முடியாது. எனினும் ஆண்டுத் தணிக்கை ஒரு சுழற்சி. ஒரு நிறுவனத்தின் கணக்கை முதல் ஆண்டில் பார்க்கும் பயிற்சியாளர் சொன்னதைச் செய்கிறார். இரண்டாம் ஆண்டில், சென்ற ஆண்டு இருந்த எண்ணோடு ஒப்பிட்டு, ஏன் மாறியது என்று கேட்கத் தொடங்குகிறார். கிடைத்த பதிலை நம்பலாமா என்று தாமே தீர்மானித்து, தமக்குக் கீழே வந்த புதியவரை வழிநடத்துவது மூன்றாம் ஆண்டில்தான். அந்த மூன்றாம் சுழற்சிக்குரிய அனுபவம் இனி எங்கே, எவர் செலவில் கிடைக்கும் என்பதற்குப் புதிய திட்டத்தின் கீழ் முதலில் தேறி வரும் தலைமுறை கையொப்பமிடத் தொடங்கும்போதுதான் விடை தெரியும்.